பால் கொடுக்கும்போது காம்பு வலிக்கிறதா? முதலில் பிள்ளை வாய் வைக்கும் விதத்தைப் பாருங்கள்

மகள் பிறந்த ஆறாம் நாள் இரவு. தூளிக்குள் அவள் சிணுங்கத் தொடங்கியதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பசித்து அழுகிற பிள்ளையை எடுக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாய் வைத்த நொடியில் என் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன். இடது காம்பின் நுனியில் வெடிப்பு, அதில் ரத்தக்கசிவு. அம்மாவிடம் சொன்னால், "முதல் பிள்ளைக்கு அப்படித்தான்டி இருக்கும், பத்து நாள்ல மரத்துப் போயிரும்" என்றார். பக்கத்து வீட்டுச் சித்தியும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மரத்துப் போகவில்லை. பத்தாம் நாள், பிரசவம் ஆன வீடுகளைப் பார்க்க வரும் கிராம சுகாதார நர்ஸம்மா வந்தார். நான் பால் கொடுப்பதை இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். "ஏம்மா, பிள்ளை காம்பைக் குடிக்குது. காம்புல பால் இல்ல, மாருலதான் இருக்கு. மாரைக் குடிக்க வைக்கணும்" என்றார். அவர் காட்டிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள்.

உங்கள் வலி எந்த வகை?

முதல் வாரத்தில் பிள்ளை வாய் வைத்ததும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இழுத்துப் பிடிப்பதுபோல இருப்பது பலருக்கும் உண்டு. பால் இறங்கத் தொடங்கியதும் அது அடங்கிவிடும். அடங்காமல் குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, காம்பு வெடித்தாலோ, பிள்ளை சரியாகக் கவ்வவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். தாங்கிக்கொள்ள வேண்டிய வலி அல்ல அது, சரிசெய்ய வேண்டிய வலி.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிள்ளை வாயை எடுத்த உடனே காம்பைப் பாருங்கள். கொஞ்சம் நீண்டிருந்தாலும் உருண்டையாகவே இருந்தால் சரி. ஒரு பக்கம் நசுங்கி, புது லிப்ஸ்டிக்கின் நுனிபோலச் சாய்வாக இருந்தால், அல்லது நுனியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால், கவ்வியது போதவில்லை. பிள்ளையின் மேல் அண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் முன்பக்கம் எலும்புபோலக் கெட்டியாகவும் பின்பக்கம் மெத்தென்றும் இருக்கும். காம்பு அந்த மெத்தென்ற இடம்வரை போக வேண்டும். முன்னாலேயே நின்றுவிட்டால் கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் சிக்கி நசுங்கும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை அப்படி நசுங்கினால் எந்தத் தோல்தான் தாங்கும்?

உட்காரும் விதம்

முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை, காலுக்குக் கீழே ஒரு மணை. அவ்வளவுதான். பால் கொடுப்பதற்கென்றே விற்கும் வளைந்த தலையணையை நானும் வாங்கினேன். வீட்டிலிருந்த இரண்டு பஞ்சுத் தலையணைகள்தான் கடைசிவரை உதவின. சிசேரியன் ஆனவர்கள் பிள்ளையை வயிற்றின் மேல் வைக்காமல், பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே கால்கள் பின்பக்கம் போகும்படி இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். தையலில் அழுத்தம் படாது. இரவில் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம், ஆனால் கவ்வ வைக்கப் பழகும் நாட்களில் உட்கார்ந்து கொடுப்பதே சுலபம்.

கவ்வ வைப்பது (நான் தடுமாறிய இடம் இதுதான்)

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் மூன்று தப்புகள் செய்துகொண்டிருந்தேன்.

முதல் தப்பு, நான் குனிந்து மாரைப் பிள்ளையின் வாய்க்குள் திணித்தேன். பிள்ளைதான் மாருக்கு வர வேண்டும். நாம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து அழுத்தினேன். அப்படி அழுத்தினால் பிள்ளை தலையைப் பின்னுக்குத் தள்ளும், தாடை நெஞ்சோடு ஒட்டிப்போய் வாய் திறக்காது. நாமே குனிந்த தலையோடு தண்ணீர் குடித்துப் பார்த்தால் புரியும். நர்ஸம்மா என் கையை எடுத்து மகளின் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்தார். என் கட்டைவிரல் ஒரு காதுக்குக் கீழேயும் மற்ற விரல்கள் இன்னொரு காதுக்குக் கீழேயும் கழுத்தைத் தாங்கின. தலை கொஞ்சம் பின்னால் சாய இடம் இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது. நம் ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறோம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தரிபோலக் காம்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு மூச்சு முட்டக்கூடாதென்று மூக்கருகே மாரை அழுத்துவோம். அந்த விரல்கள், காம்பைச் சுற்றிப் பிள்ளை கவ்வ வேண்டிய கருவட்டத்தின் மேலேயே இருக்கின்றன. மூக்கருகே அழுத்த அழுத்தக் காம்பு வாயிலிருந்து வெளியே இழுபடும். என் இடது காம்பு வெடித்தது அதனால்தான். பிள்ளையின் மூக்கு சப்பையாக இருப்பதால் மாரோடு ஒட்டியிருந்தாலும் பக்கவாட்டில் மூச்சு விட முடியும். நிஜமாகவே அடைப்பதுபோல் இருந்தால் பிள்ளையின் இடுப்பை உங்கள் பக்கம் இன்னும் இழுங்கள். தலை தானே பின்னால் சாய்ந்து மூக்கு விடுபடும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இடது மாரில் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் பிள்ளையைத் தாங்குங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும், கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. இடது கையால் மாரைக் கருவட்டத்துக்கு நன்றாகப் பின்னால், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கு விரல்கள் எதிர்ப் பக்கமுமாகத் தாங்குங்கள்.

பிள்ளையின் வாய் அல்ல, மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டும். காம்பால் மேல் உதட்டை லேசாக வருடுங்கள். பிள்ளை உதட்டைச் சப்பும், கொஞ்சமாக வாயைத் திறக்கும். அப்போது கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்னத் திறப்பில் கொடுத்துத்தான் நான் பத்து நாள் அவதிப்பட்டேன். மறுபடியும் வருடுங்கள், காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் அகலமாகத் திறக்கும். அந்த நொடியில் தோளைப் பிடித்தபடி பிள்ளையைச் சட்டென்று உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். தாடைதான் முதலில் மாரில் பட வேண்டும். கீழ் உதடு காம்பிலிருந்து தள்ளிக் கீழே பதியும், காம்பு மேல் அண்ணத்தை நோக்கி உள்ளே போகும்.

சரியாகக் கவ்வியிருந்தால் தாடை மாரில் புதைந்திருக்கும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், கருவட்டம் மேல் உதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் குழி விழாது. 'டக் டக்' என்று நாக்குத் தட்டும் சத்தம் வராது, விழுங்கும் சத்தம்தான் வரும். மகள் அன்று அப்படிக் குடித்தபோது முதல் அரை நிமிடம் வலித்தது. அப்புறம் வலி நின்றுபோனது. நான் எண்ணிக்கொண்டிருந்த எண்ணை மறந்துவிட்டேன்.

சரியாக அமையவில்லையென்றால் வாயை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அப்படியே இழுத்து எடுக்காதீர்கள், புண் பெரிதாகும். கழுவிய சுண்டுவிரலைப் பிள்ளையின் கடைவாய் வழியாக ஈறுகளுக்கு நடுவில் விட்டால் பிடி தளரும். முதல் நாளில் நான் ஐந்து தடவை எடுத்து எடுத்து வைத்தேன். பிள்ளை கத்தினாள், பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் இருவருக்குமே பழகிவிட்டது.

ஏற்கெனவே வெடித்துவிட்ட காம்புக்கு

என் வரிசை இதுதான்: முதலில் சொந்தப் பால், வெடிப்பு ஆழமாக இருந்தால் லானோலின் (ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகுபோன்ற களிம்பு), கிடைக்காவிட்டால் சுத்தமான தேங்காய் எண்ணெய்.

பிள்ளை குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைப் பிதுக்கிக் காம்பில் தடவி, காற்றாட விடுங்கள். மருந்துக்கடையில் சுத்திகரித்த லானோலின் சின்ன டியூபாகக் கிடைக்கும், மிளகளவு போதும். அடுத்த தடவை கொடுப்பதற்கு முன் அதைத் துடைக்க வேண்டியதில்லை. விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசச் சொல்வார்கள், நான் பூசவில்லை. பிள்ளையின் வாய்க்குள் போகிற இடம் அது. சோப்பும் வேண்டாம், காம்பைச் சுற்றித் தானாகச் சுரக்கும் எண்ணெய்ப்பசையை அது போக்கிவிடும். குளிக்கும்போது வெறும் தண்ணீர் போதும்.

உள்ளாடைக்குள் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டேன். ஈரமானால் உடனே மாற்றிவிட வேண்டும். ஒருநாள் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது தெரியாமல் இழுத்துவிட்டேன், ஆறிக்கொண்டிருந்த தோலும் சேர்ந்து வந்துவிட்டது. ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து, ஊறவிட்டு எடுங்கள்.

புண்ணிலிருந்து கொஞ்சம் ரத்தம் பாலோடு போனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கக்கும்போது சிவப்பு இழை தெரிந்தால் பதறாதீர்கள். ஆனால் காம்பில் புண் இல்லாதபோது பிள்ளை ரத்தமாகக் கக்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி அதிகமென்றால் பாரசிட்டமால் போடலாம், பால் கொடுப்பவர்களுக்கு அது பாதுகாப்பானது. எத்தனை என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். பசி வேகத்தில் பிள்ளை பலமாக இழுக்கும், இரண்டாவது பக்கத்துக்கு வரும்போது வேகம் தணிந்திருக்கும். ஒரு பக்கம் கொடுக்கவே முடியாத அளவுக்கு வலித்தால் ஒன்றிரண்டு நாள் அந்தப் பக்கப் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொடுங்கள். பீய்ச்சாமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். விரல் தோலில் வழுக்கிக்கொண்டு வரக்கூடாது. ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கும் பம்ப்பை வாங்காதீர்கள். அந்தப் பந்துக்குள் பால் போனால் கழுவவே முடியாது, இழுவையும் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பால் புட்டியும் இப்போதைக்கு வேண்டாம். அதன் ரப்பரை வாயைக் கொஞ்சமாகத் திறந்தே குடித்துவிடலாம் என்பதால், கவ்வக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை குழம்பிப்போகும்.

கவ்வுவது சரி, ஆனாலும் வலிக்கிறது என்றால்

காம்பு பளபளவென்று சிவந்து, குடித்து முடித்த பிறகும் எரிச்சலும் ஊசி குத்துவதும் நிற்காமல், பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். டாக்டர் தரும் மருந்தைத் தாய், பிள்ளை இருவருக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

குடித்து முடித்ததும் காம்பு வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து வலித்தால் ரத்தக்குழாய் சுருங்குவதுதான் காரணம். நேராக வீசும் ஏசிக் காற்றிலிருந்து தள்ளி உட்காருங்கள், வாயை எடுத்ததும் உள்ளங்கையால் மூடிச் சூடு கொடுங்கள்.

மாரில் ஒரு பகுதி சிவந்து, சூடாக, கெட்டியாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. உருட்டி உருட்டி அமுக்கிவிடச் சொன்னால் கேட்காதீர்கள், வீக்கம் கூடும். குளிர்ந்த துணி ஒத்தடம் இதமாக இருக்கும். இன்னொன்று, பால் கட்டியதற்கு மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பால் சுரப்பை வற்றவைக்கச் செய்யும் வைத்தியம். பால் கொடுக்கிறவர்கள் செய்யக்கூடாது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர், மூன்றாம் நான்காம் நாளில் மார் கல்லாக இறுகிவிட்டதால் பிள்ளையால் கவ்வவே முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். இதை நான் விட்டுவிட்டேன். கொடுப்பதற்கு முன் காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கருவட்டம் இளகும். கொஞ்சம் பாலைப் பீய்ச்சிவிட்டு வாய் வைத்தால் கவ்வ முடியும்.

காம்பு உள்ளே அமுங்கியிருப்பவர்களுக்கு, 10 மில்லி சிரிஞ்சின் முனையை வெட்டி, பிஸ்டனை வெட்டிய பக்கம் வழியாகச் செருகி, வெட்டாத வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெல்ல இழுக்கும் முறை ஆஸ்பத்திரிகளில் சொல்லித்தரப்படுகிறது. நர்ஸ் ஒருவரிடம் ஒருதடவை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். வெடிப்பு இருக்கும்போது செய்யாதீர்கள்.

இன்னொரு தாய், எல்லாம் செய்தும் மூன்று வாரமாகக் காம்பு நசுங்கியே வருகிறது, பிள்ளைக்கு எடையும் ஏறவில்லை என்று எழுதினார். கடைசியில் அது நாக்குக்கட்டு. நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருந்ததால் பிள்ளையால் நாக்கை நீட்டிக் கவ்வ முடியவில்லை. ஐந்து நாளான பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனாலோ, எடை ஏறாவிட்டாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். அங்கே வலியை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். "நான் பால் கொடுக்கும்போது ஒருதடவை பாருங்கள்" என்று கேட்டு, அங்கேயே உட்கார்ந்து கொடுத்துக் காட்டுங்கள்.