மாணவரின் வெற்றியை விளம்பரமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் புது ஃபிளெக்ஸ்கள் தொங்கும். வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், கீழே மதிப்பெண், மேலே டியூஷன் சென்டரின் பெயர். சில சமயம் ஒரே பிள்ளையின் முகம் இரண்டு ஃபிளெக்ஸில் இருக்கும். ஒரு சென்டரில் வருஷம் முழுக்கப் படித்திருக்கும், இன்னொன்றில் கடைசி மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருக்கும். கீழே நின்று பார்க்கிற பெற்றோருக்கு அது எப்படித் தெரியும்?

டியூஷன், தையல் வகுப்பு, பிசியோதெரபி என்று சின்ன அளவில் சேவைத் தொழில் செய்கிறவர்களுக்கு நோட்டீஸும் விளம்பரமும் எழுதிக் கொடுப்பது என் வேலை. அரிசிக் கடையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். அடுத்த வருஷம் வரப்போகிற மதிப்பெண்ணை அப்படிக் காட்ட முடியாது. முன்பு வந்தவரின் கதையைத்தான் சரக்காகக் காட்ட வேண்டியிருக்கிறது. அதில் கலப்படம் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

பெரிய கலப்படம், அவர் நம்மிடம் எதற்கு வந்தார் என்பதை மறைப்பது. சிவில் சர்வீசஸ் பயிற்சி மையங்களில் இது பல வருஷமாக நடந்தது. அந்தத் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண். அதில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275 மட்டும்தான். முதல்நிலை, முதன்மை இரண்டையும் தன் உழைப்பில் தாண்டி வந்த ஒருவர், ஒரு மையத்தில் மாதிரி நேர்முகத்தில் மட்டும் கலந்துகொள்வார். முடிவு வந்ததும் அந்த மையம் அவர் படத்தைப் போட்டு, பக்கத்திலேயே தன் முழு நேர வகுப்பை விளம்பரம் செய்யும். பார்ப்பவர், அந்த முழு வகுப்புதான் அவரைத் தேர்ச்சி பெற வைத்தது என்று நினைத்துப் பணம் கட்டுவார். இப்படி மறைத்த பல மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டது. 2024 நவம்பரில் பயிற்சித் துறைக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளையும் கொண்டுவந்தது. மாணவரின் படத்தைப் போட்டால் அவர் எடுத்த ரேங்க், சேர்ந்த வகுப்பு, எத்தனை நாள் படித்தார், கட்டணம் கட்டினாரா இலவசமா என்பதெல்லாம் கூடவே இருக்க வேண்டும். பொடி எழுத்தில் ஓரமாகப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

சின்ன டியூஷன் சென்டருக்கும் இதே அளவுகோல்தான் சரி. ‘10 நாள் ரிவிஷன் வகுப்புக்கு வந்தார்’ என்று உள்ளதைப் போட்டால் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். குறையாது. ரிவிஷன் வகுப்பு தேடுகிறவர் அந்த வரியைப் பார்த்துத்தான் வருவார்.

அடுத்தது சம்மதம். சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில் ‘என் புகைப்படத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்துவிட்டு, சம்மதம் வாங்கியாயிற்று என்கிறார்கள். பிள்ளைக்கு சீட் வேண்டுமே என்று வந்து நிற்கிற அம்மா அந்த நேரத்தில் மறுப்பாரா? அதனால்தான் அதே நெறிகள், வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்கின்றன. நான் ஒரு படி மேலே போகச் சொல்வேன். தயாரான ஃபிளெக்ஸின் படத்தையே அவர்களிடம் காட்டுங்கள். எங்கே தொங்கும், எத்தனை நாள் இருக்கும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வருமா என்று சொல்லுங்கள். ‘வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்’ என்ற வார்த்தையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் உரிமை உண்டு. பெற்றோரைக் கேட்டதோடு விடாமல் அந்தப் பிள்ளையையும் கேளுங்கள். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் முகம், பெயர், பள்ளி, தெரு எல்லாம் பேருந்து நிலையத்தில் தொங்குவதை நினைத்தாலே எனக்கு மனசு கேட்பதில்லை.

அப்புறம், அவர்கள் பேச்சை நாம் ‘திருத்துவது’. இதில் நானே தவறு செய்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா ஒருவரிடம் பேசிவிட்டு வந்து, ‘கற்பிக்கும் முறை மிகவும் சிறப்பாக உள்ளது, ஆசிரியர்கள் தனிக்கவனம் செலுத்துகிறார்கள்’ என்று எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் அவரிடம் காட்டினேன். ‘நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது நான் சொன்னது இல்லையே’ என்றார். அவர் சொன்னது இது: ‘முன்னெல்லாம் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே வயித்து வலிம்பா. முதல் ரெண்டு மாசம் இங்க வந்தும் மாறல, நிறுத்திடலாமான்னுகூட நெனச்சேன். இப்ப அவளே எடுத்து உக்கார்றா.’ அதை அப்படியே போட்டோம். படமில்லை, பெயரில்லை. சென்டர் நடத்துகிற அக்காவுக்கு அந்த இரண்டு மாசக் கதையை வெட்டிவிடலாமே என்று தயக்கம். வெட்ட வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். தடங்கலே இல்லாமல் ஓடுகிற கதையை யாரும் நம்புவதில்லை. முதல் மாதமே பலன் தெரியவில்லையே என்று கவலைப்படும் இன்னொரு அம்மாவுக்கு அந்த வரிதான் தைரியம் கொடுக்கும்.

முதல் மார்க் வாங்கியவரை மட்டுமே காட்டுவதும் ஒரு வகையில் ஏமாற்றுதான். 40 பேர் படித்த பேட்ச்சில் மூன்று முகம் மட்டும் மேலே ஏறினால், மீதி 37 பேர் என்ன ஆனார்கள்? 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. சென்டர்கள் மட்டும் இன்னும் அந்த மனநிலையிலிருந்து வெளியே வரவில்லை. 35-இலிருந்து 60-க்கு வந்த பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள். டியூஷனுக்கு வருகிற பெரும்பாலான வீடுகளின் கவலை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போதும் உழைத்தது பிள்ளை, கூட நின்றது நாம் என்ற வரிசை மாறக் கூடாது.

ஃபீஸில் தள்ளுபடி கொடுத்து கூகுளில் ஐந்து ஸ்டார் போடச் சொல்லாதீர்கள். கூகுளின் விதிகளே அதைத் தடை செய்கின்றன. பொய்யான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போகலாம்.

கடைசியாக, பழைய கதைகள். நான்கு வருஷத்துக்கு முன் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் படம் இன்னும் வாசலில் இருக்கும், கணக்குச் சொல்லிக்கொடுத்த சார் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஜூனில் புது பேட்ச் தொடங்குமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, சுவரிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஆண்டும் அவர் சேர்ந்த வகுப்பும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். எழுத முடியாதவற்றைக் கழற்றிவிடுங்கள்.