ஏழு கோவில், ஒரு குருவானவர்: ஆள் தேடும்போது கிராமத்துச் சபைகள் செய்யும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சேகரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து கிராமம், ஊருக்கு ஒரு கோவில், ஊருக்கு ஓர் உபதேசியார் (குருப்பட்டம் பெறாமல் ஊர்ச் சபையை நடத்துபவர்), எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குருவானவர். அவருக்கு மாற்றல் வந்தால் அடுத்தவர் பெயர் பேராயரின் (பிஷப்பின்) ஆளுகைப் பகுதியான திருமண்டலத்திலிருந்து வந்துவிடும். குருமனை வாசலில் இருந்து ஒரு லாரி சாமானோடு போகும், இன்னொன்று வரும், அவ்வளவுதான். அப்படி ஒரு சேகரத்தில் வளர்ந்த நான் இப்போது இங்கிலாந்தின் கிழக்கே, ஏழு கிராமக் கோவில்களைச் சேர்த்துக் கட்டிய ஓர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) தொகுப்பில் கமிட்டி உறுப்பினர். எங்கள் குருவானவர் ஓய்வு பெற்றபோது நானும் வழக்கம்போல அடுத்த பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆள் தேட வேண்டியது நாங்கள்தான் என்று புரியவே இரண்டு மாதம் ஆனது, அடுத்தவர் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேராயர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருப்பதுதான் முதல் தவறு. இங்கிலாந்துத் திருச்சபையில் பேராயர் ஒருவர் மட்டுமே முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு சபைக்கும் பேட்ரன் என்று ஒருவர் இருக்கிறார், ஆளை முன்மொழியும் உரிமை அவருடையது. சில இடங்களில் பேராயரே பேட்ரன், சில இடங்களில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்று, சில இடங்களில் அரச குடும்பம், சில இடங்களில் அந்த ஊர்ப் பழைய ஜமீன் வீட்டுக்காரர் மாதிரி ஒருவர். பல கோவில்களை ஒன்றாக இணைத்த தொகுப்பு என்றால் இரண்டு மூன்று பேட்ரன்கள் முறை வைத்து வருவார்கள். இந்தத் தடவை யார் முறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரிடம் சீக்கிரமே பேசிவிடுங்கள். எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு உங்கள் ஊரில் எத்தனை வீடு, பள்ளிக்கூடம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

1986ஆம் ஆண்டு பேட்ரன் சட்டத்தின்படி சபைக் கமிட்டிகள் கூடி, தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரதிநிதிகள் ஒப்புக்கொள்ளாமல் பேட்ரன் ஒருவரை அழைக்க முடியாது, அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு பேராயருக்கும் மேலான ஆர்ச்பிஷப் வரை போகும். இவ்வளவு கனமான பொறுப்பை ‘யாருக்கு நேரம் இருக்கிறது’ என்று கேட்டு ஒப்படைக்கிறார்கள், அது சரியில்லை. யார் பொறுமையாகக் கேட்பார், தன் கோவிலைத் தாண்டி மற்ற ஆறையும் நினைப்பார் என்று பார்த்து அனுப்புங்கள். இன்னொன்று, பிரிந்து போகும் குருவானவரும் அவர் துணையும் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அன்பின் பேரில் அவரிடம் போய் ‘அடுத்தவர் யாராக இருந்தால் நல்லது ஐயா’ என்று கேட்கும் பழக்கமும் வேண்டாம். அவருக்கும் அது கஷ்டம், வருகிறவருக்கும் கஷ்டம்.

முன்மொழியும் உரிமையைப் பேராயர் ஐந்து வருஷம் வரை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. கோவில்களை மறுபடி இணைக்கும் யோசனை இருக்கும்போது அப்படிச் செய்வார்கள், வருகிறவரும் பொறுப்புக் குருவாகத்தான் வருவார். முடிவெடுக்கும் முன் உங்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கடிதம் வந்தால் மேசை மேல் கிடக்க விடாதீர்கள்.

சரி, இனிதான் முக்கியமான இடம். பாரிஷ் புரொஃபைல் என்று ஒன்று எழுத வேண்டும், சபையைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. விளம்பரத்தைப் பார்க்கிறவர் அடுத்து திறப்பது இதைத்தான். சட்டம் இதில் கேட்பது மூன்று: சபையின் நிலைமை, தேவை, மரபு. வரப்போகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று அது முதலில் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் யார் என்றுதான் கேட்கிறது. ஆனால் சபைகள் எழுதுவது என்னவோ வருகிறவரைப் பற்றித்தான்.

எங்கள் முதல் வரைவு 24 பக்கம். அதில் பாதி கட்டட வரலாறு, நார்மன் காலத்து வாசல், பழைய கல் ஞானஸ்நானத் தொட்டி, யாரோ ஒரு பிரபுவின் கல்லறை. மீதியில் வரப்போகிறவரின் இலட்சணங்கள். இளமையான உற்சாகம் வேண்டும், நீண்ட அனுபவமும் வேண்டும். 1662 ஜெபப் புத்தக ஆராதனையை நேசிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் புதுவிதமாகவும் நடத்த வேண்டும். வீடுவீடாகச் சந்திக்க வேண்டும், நிர்வாகத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும், ஏழு ஊர்த் திருவிழாவுக்கும் வர வேண்டும். சர்ச் வார்டன் (கோவில் பொறுப்பாளராகச் சபையார் தேர்ந்தெடுப்பவர்) ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, தன் வீட்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுத ஆரம்பித்தார். மூன்றாம் பக்கம் முடிவதற்குள் 90 தாண்டிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. குருவானவருக்கு வாரத்தில் 24 மணி நேரத் தொடர் ஓய்வும் வருஷத்தில் 36 நாள் விடுப்பும் விதியிலேயே இருக்கிறது, நாங்கள் எழுதியதில் அவர் தூங்குவதற்கே இடம் இல்லை.

இங்கே கிராமக் குருவானவர் என்றாலே பலர் மனதில் ஜார்ஜ் ஹெர்பர்ட் வந்து நிற்பார். சாலிஸ்பரி பக்கத்தில் பெமர்டன் என்ற ஊரில் இருந்த கவிஞர், குரு. எல்லார் வீட்டுக்கும் நடந்தே போய், எல்லார் பெயரும் தெரிந்து, ஊரோடு ஊராக வாழ்ந்தவர் என்று ஒரு சித்திரம். அவர் அங்கே போனது 1630இல், இறந்தது 1633இல், நாற்பது வயதுகூட ஆகவில்லை. கையில் இருந்தது இரண்டே இரண்டு சின்னக் கோவில், உதவிக்குக் குருமார்களும் இருந்தார்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் இன்று ஏழு கோவிலைத் தனியாகச் சுமக்கிறவரை அளக்கிறோம், இது நியாயமே இல்லை.

ஆகவே புரொஃபைலில் உண்மையை எழுதுங்கள். ஒவ்வொரு கோவிலிலும் ஆராதனைப் பதிவேடு இருக்கிறது, அதில் தேதியும் வந்தவர் எண்ணிக்கையும் இருக்கும். ‘சராசரியாக 20 முதல் 30 பேர்’ என்று முதலில் எழுதியிருந்தோம், யார் மனதிலிருந்து வந்த கணக்கு என்று தெரியாது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் 11, 8, 6, மறுபடி 8, கிறிஸ்துமஸ் அன்று 140. அப்படியே எழுதினோம். அந்த 140ஐப் பார்த்துவிட்டுத்தான் இப்போதைய குருவானவர் விண்ணப்பித்தார், ஊருக்குக் கோவில் மேல் இன்னும் பாசம் இருக்கிறது என்று அதிலிருந்து புரிந்ததாம். 20, 30 என்று விட்டிருந்தால் அது அவருக்குத் தெரிந்தே இருக்காது.

பணமும் அப்படித்தான். திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, எவ்வளவு கட்டினோம், கூரை ஒழுகுகிறதா, எந்த இரண்டு கோவிலுக்கு இடையே பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாவற்றையும் மரியாதையான வார்த்தையில் சொல்லிவிடலாம். ‘அன்பான, எல்லாரையும் வரவேற்கும் சபை’ என்று எல்லாச் சபையும் எழுதுகிறது, அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ‘ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுச் சேர்ந்து பாடுகிறோம், வியாழக்கிழமை மதியம் கோவிலில் சூப் கொடுக்கிறோம், தனியாக இருக்கும் முதியவர்கள் 15 பேர் வருவார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், ஊர் கண் முன்னால் வரும்.

ஆராதனை நேரத் தகராறைத் தீர்க்காமல் விளம்பரம் கொடுப்பது அடுத்த பெரிய தவறு. எங்கள் ஏழு கோவிலுக்கும் ஞாயிறு காலை பத்தரை மணிதான் வேண்டும். ஒவ்வொரு கோவிலிலும் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற பழைய விதியை 2019இல் தளர்த்திவிட்டார்கள், தொகுப்பில் ஏதாவது ஒரு கோவிலில் நடந்தால் போதும். ஆனால் விதி தளர்ந்தாலும் மனது தளர்வதில்லை. ‘என் பாட்டன் பூட்டன் அடங்கியிருக்கும் கோவிலில் மாதத்துக்கு ஒரு தடவைதானா’ என்று ஒருவர் கேட்டபோது அவர் குரல் உடைந்தது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஊரில் எங்கள் கோவில் மணி ஒரு ஞாயிறு அடிக்காவிட்டால் என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் இந்தத் துக்கத்தை ஏழு ஊரும் சேர்ந்து உட்கார்ந்து, அழுது, பேசி, ஓர் அட்டவணை போட்டு முடிக்க வேண்டும். புதியவர் வந்து தீர்க்கட்டும் என்று விட்டால் வந்த முதல் மாதமே அவர் ஆறு ஊருக்கு எதிரி ஆகிறார்.

குருமனையை யாராவது ஒருவர் நிஜமாகப் போய்ப் பாருங்கள். இந்தக் கிராமங்களில் ‘ஓல்ட் ரெக்டரி’ (பழைய குருமனை) என்று பெயர்ப் பலகையோடு அழகான பெரிய வீடு ஒன்று இருக்கும், அது எப்போதோ விற்றாகிவிட்டது. இப்போதைய குருமனை பெரும்பாலும் சாதாரண வீடு. எங்களுடையதில் பெரிய படுக்கையறையில் ஒரு அலமாரியை நகர்த்தினோம், பின்னால் சுவர் முழுக்கக் கருப்புப் பூசணம். பழைய குருவானவர் பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவரிடம் ஒரு தடவைகூட வீடு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெண் குருவானவர் விஷயத்தையும் விளம்பரத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். 1994 முதல் இங்கே பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெறுகிறார்கள். மனச்சாட்சிப்படி அதை ஏற்க முடியாத சபைகள் முறைப்படி தீர்மானம் போட வழி இருக்கிறது. தீர்மானம் எதுவும் போடாமல், நேர்காணலுக்கு வந்த பெண்ணிடம் ‘இந்த ஊர் கொஞ்சம் பழமையானது’ என்று இழுத்துப் பேசுவது அநியாயம். அதேபோல, துணைவர் வருவாரா, பிள்ளைகள் எத்தனை, மனைவி ஞாயிறு பள்ளி எடுப்பாரா என்றெல்லாம் விண்ணப்பித்தவரிடம் கேட்கக் கூடாது. நம்ம ஊரில் குருவானவரின் மனைவி என்றால் பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பார்த்துக்கொள்வார் என்று எடுத்துக்கொள்வோம், இங்கேயும் பழைய தலைமுறை அப்படியே நினைக்கிறது. நீங்கள் அழைப்பது ஒருவரை. அவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு அவரவர் வேலை இருக்கிறது.

விண்ணப்பித்தவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் நாளில் ஏழு கோவிலிலும் நின்று தேநீரும் கேக்கும் கொடுப்பது உபசாரம்தான், மனது நிறைந்த உபசாரம். ஆனால் வந்தவர் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்க ஐந்து நிமிஷம் யாரும் விடுவதில்லை. ஒரு கோவிலையாவது திறந்து கொடுத்துவிட்டு வெளியே நில்லுங்கள். இன்னொரு யோசனை, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை ஓட்டத்தை அப்படியே ஓட்டிக் காட்டுங்கள். ஒன்பது மணி ஆராதனை முடிந்து அந்த ஒற்றையடிச் சாலையில், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்கி நின்று, பத்தரைக்கு அடுத்த கோவிலுக்குப் போய்ச் சேர முடியுமா என்று அவரே தெரிந்துகொள்ளட்டும்.

யாராவது வந்தால் போதும் என்ற பயத்தில் ஒப்புக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் விளம்பரத்துக்கு ஒரே ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல பிரசங்கி, ஆனால் நகரத்தில் ஒரே பெரிய கோவிலில் வேலை செய்து பழகியவர், ஏழு சின்னக் கோவில் என்பது அவருக்குச் சுமையாகத்தான் தெரிந்தது, அவர் பேச்சிலேயே தெரிந்தது. பிரதிநிதிகள் வேண்டாம் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, மறுபடி விளம்பரம், மறுபடி மாதங்கள். ஆனாலும் அது சரியான முடிவு. அவருக்கும் அது நல்லது என்று பின்னால் அவரே எழுதினார்.

குருவானவர் இல்லாத மாதங்களில் சர்ச் வார்டன்களும் ரூரல் டீனும்தான் (வட்டாரக் குருமார்களுக்குத் தலைவர்) பொறுப்பு, ஆராதனைக்குப் பெரும்பாலும் ஓய்வு பெற்ற குருமார்கள் வந்து உதவுவார்கள். அவர்களுக்கும் 80 வயது, குளிர்காலத்தில் இருட்டில் கார் ஓட்டி வருகிறார்கள். பெட்ரோல் செலவைக் கேட்கும் முன்பே கொடுங்கள். திருவிருந்து இல்லாத ஞாயிறுகளில் சபையாரே ஜெப ஆராதனை நடத்தலாம். நம்ம ஊர் உபதேசியார்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்தார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லாததால் பயப்படுகிறார்கள். எங்கள் கிராமத்தில் ஒரு பால் பண்ணைக்காரர் கை நடுங்க வேதபாடம் வாசிக்க ஆரம்பித்தார், ஆறு மாதத்தில் ஆராதனையையே நடத்தினார்.

அந்தப் பால் பண்ணைக்காரரை வைத்துத்தான் கடைசித் தவறையும் சொல்ல வேண்டும். புதியவரைப் பதவியில் அமர்த்தும் நாளில் ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு உதவும் மூத்த குரு) அவர் கையைப் பிடித்துக் கோவில் கதவில் வைப்பார், அவர் உள்ளே போய் மணி அடிப்பார், எத்தனை தடவை அடிக்கிறாரோ அத்தனை வருஷம் இருப்பார் என்று ஊரே எண்ணும். எங்களவர் ஒன்பது அடித்தார். மறுநாள் காலை, ஒன்றரை வருஷமாகத் தூக்கிச் சுமந்த எல்லாரும் சாவியையும் கோப்பையும் கொண்டுபோய்க் குருமனை வாசலில் வைத்துவிட்டு ‘அப்பாடா’ என்று திரும்பினார்கள். பால் பண்ணைக்காரரும் ஆராதனைக் குறிப்பேட்டைக் கொண்டுபோய் நீட்டினார். குருவானவர் அதை வாங்காமல், அடுத்த ஞாயிறு மேல்கரைக் கோவிலில் உங்கள் முறைதானே என்று கேட்டார்.