வீட்டு மீன் குளத்துப் பச்சைத் தண்ணீரை மருந்தில்லாமல் தெளிய வைப்பது எப்படி?

பச்சைத் தண்ணீரைக் கண்டவுடன் மோட்டாரைப் போட்டுக் குளத்தை இறைத்து, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவதுதான் பலரும் முதலில் செய்கிற வேலை. செய்யக்கூடாத வேலையும் அதுதான். புதுத் தண்ணீரோடு புதிய தாது உப்புகளும் வந்து சேர்கின்றன; மீனின் கழிவுகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்களோ சுவரைத் தேய்க்கும்போதே பெருமளவு போய்விடுகின்றன; நல்ல வெயில் இருந்தால் ஓரிரு வாரங்களிலேயே குளம் மறுபடியும் பச்சையாகிவிடும்.

அந்தப் பச்சை நிறம் குளோரெல்லா போன்ற ஒற்றைச் செல் பாசிகளால் வருவது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே அளவுடையவை என்பதால் அவை சாதாரண ஸ்பாஞ்சு வடிகட்டிக்குள் புகுந்து மறுபக்கம் அப்படியே வெளியே வந்துவிடும். அவற்றுக்குத் தேவையானவை வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். வெயில் வானத்திலிருந்து கிடைக்கிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் நாம் போடும் தீவனத்திலிருந்தே வருகின்றன. மீன் தின்ற தீவனத்தின் நைட்ரஜனில் பெரும்பங்கு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டையும், கழிவிலிருந்து கரைந்து வரும் பாஸ்பேட்டையும் உண்டு பாசி பெருகுகிறது. மருந்து ஊற்றினால் பாசி சாகும் என்பது உண்மையே. ஆனால் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதோடு, தான் உண்ட உப்புகளையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுத்த தலைமுறைப் பாசிக்கு விருந்து தயாராகிவிடும். எனவே பாசிக்குப் போகும் உணவையும் வெளிச்சத்தையும் குறைப்பதே நிலைக்கும் வழி.

முதலில், கலங்கலுக்குக் காரணம் பாசிதானா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, அசையாத இடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது சேற்றுக் கலங்கல். மீன்கள் அடித்தரையைக் கிளறுவதால் வந்திருக்கும். தேநீர் நிறத்தில் தெளிவாகவே இருந்தால் உதிர்ந்த இலைகளின் சாயம். அடியில் பெரிதாக எதுவும் படியாமல் டம்ளர் முழுவதும் சீராகப் பச்சையாக நின்றால் மிதக்கும் பாசி. குளத்தின் மேற்பரப்பில் பெயின்ட் ஊற்றியதுபோல் நீலப்பச்சை ஏடு படர்ந்து துர்நாற்றமும் வீசினால் மட்டும் எச்சரிக்கை தேவை. அது நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம் என்பதால், வெறுங்கையால் தொடாமலும், நாய் பூனைகளை அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவில்லாத மாற்றம் தீவனத்தில்தான் இருக்கிறது. மீன்கள் ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகையும் போட வேண்டாம். மிதக்கும் தீவனமாக இருந்தால் மிஞ்சியதை வலையால் அள்ளிவிட முடியும். கரைக்கு வந்து வாயைத் திறக்கும் மீன் பசியோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆள் வந்தால் தீவனம் விழும் என்று அது பழகியிருக்கிறது, அவ்வளவே. வளர்ந்த நலமான மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தீவனம் போடாமல் விட்டாலும் கெடுதல் இல்லை. இவ்வளவு செய்தும் பச்சை குறையவில்லையென்றால், குளத்தின் அளவுக்கு மீன்கள் அதிகமாக இருக்கின்றனவா என்று தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். கோய் போன்ற பெரிதாக வளரும் மீன்களைச் சிறு குளத்தில் விட்டுவிட்டுத் தெளிந்த நீரை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

அடுத்தது அடியில் தேங்கிய கசடு. இலைச்சருகும் மீன் கழிவும் சேர்ந்த அந்தக் கறுத்த படலத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது அதில் அடைபட்டிருந்த பாஸ்பேட் மேலே கசியத் தொடங்குகிறது. ஹோஸ் பைப்பைச் சைஃபனாக, அதாவது தண்ணீர் தானாகவே தாழ்வான இடத்துக்கு இறங்கும்படி வைத்து, தரையைக் கலக்காமல் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் எடுக்காமல் வாரத்துக்கு ஒரு பகுதியாகச் செய்தால் மீன்களுக்கு அதிர்ச்சி இருக்காது. அப்போது வெளியேறும் தண்ணீர், குளத்தின் கொள்ளளவில் பத்து முதல் இருபது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், நல்ல உரம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் ஈடுசெய்வதாக இருந்தால் அதை ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருந்து விடவேண்டும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் வெறுமனே வைத்திருப்பதால் அது போகாது, கரித்தூள் வடிகட்டி வழியாக மெதுவாக விடவேண்டும். தோட்டத்துக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து குளத்துக்குள் வழியாதபடி கரையைச் சற்று உயர்த்திக் கட்டுவதும் இதே கணக்கில் சேரும்.

இனி செடிகள். நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலைகளால் மூடியிருந்தால், பாசிக்கு வெளிச்சமும் குறையும், உணவுக்குப் போட்டியும் வந்துவிடும். அல்லி இதற்கு மிகப் பொருத்தமானது. வேரைத் தொட்டியில் மண்ணோடு வைத்து மேலே கூழாங்கல் பரப்பிவிட்டால் மீன்கள் கிளறாது. ஆனால் அல்லி தன் உணவைப் பெரும்பாலும் வேர்மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதால், நிழலுக்கு அல்லி என்றும், தண்ணீரிலுள்ள நைட்ரேட்டை உறிஞ்ச வேர் தொங்கவிடும் மிதவைச் செடிகளும் வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகளும் என்றும் பிரித்துக்கொள்வது நல்லது. மிதவைச் செடி பெருகப் பெருக ஒரு பகுதியை அள்ளி வெளியே எடுத்துவிட வேண்டும். அப்படி எடுக்கும்போதுதான் அது உறிஞ்சிய உப்பு குளத்தைவிட்டு உண்மையில் வெளியேறுகிறது, எடுக்காமல் அழுகவிட்டால் எல்லாம் பழைய கணக்குக்கே திரும்பிவிடும். அள்ளியதை ஆற்றிலோ ஏரியிலோ வீசாமல் உரக்குழியில் போடுங்கள், ஏனென்றால் வெங்காயத்தாமரை போன்றவை எந்த நீர்நிலையையும் மூடிவிடக்கூடியவை. செடிகள் வளரும்வரை நிழல்வலையை ஒரு பக்கமாகக் கட்டிவைப்பதில் தவறில்லை.

வடிகட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வரும் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 1,800 லிட்டர் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மொத்தத் தண்ணீரும் வடிகட்டி வழியாகச் சென்றுவர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இந்தக் குளத்துக்கு மணிக்கு 900 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும் பம்ப் தேவை. பைப்பின் உயரமும் வளைவுகளும் வேகத்தைக் குறைக்கும் என்பதால் இன்னும் சற்றுப் பெரியதாகவே வாங்குவது நல்லது. மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பம்பை நிறுத்துகிறவர்கள் உண்டு. வடிகட்டிக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஓடும் தண்ணீரின் ஆக்சிஜன் எப்போதும் வேண்டும். சில மணி நேரம் நின்றாலே அவை சாகத் தொடங்கும். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால் ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து, பழுப்புச் சேறு பெரும்பாலும் வெளியேறியதும் நிறுத்திவிடுங்கள். புதிது போலப் பளிச்சென்று ஆகும்வரை குழாயடியில் கழுவுவது, பல வாரங்களாகக் குடியேறிய பாக்டீரியாக்களைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும். புது வடிகட்டியில் போதிய பாக்டீரியாக்கள் குடியேறி அது முழுமையாகப் பழுக்க நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும்; அதற்குள் பச்சை வந்தால் பதற வேண்டியதில்லை.

பொறுமை இல்லாதவர்களுக்கு புற ஊதா விளக்கு உண்டு. பம்பிலிருந்து வரும் தண்ணீர் அந்த விளக்கைச் சுற்றி ஓடும்போது பாசியின் செல்கள் சேதமடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வடிகட்டியில் சிக்குகின்றன. ஓரிரு வாரத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஆனால் விளக்கு உணவைக் குறைப்பதில்லை என்பதால், முன்சொன்ன வேலைகளுக்கு அதை மாற்றாகக் கருதக்கூடாது. தண்ணீர் அதிவேகமாகப் பாய்ந்தால் பயன் குறையும், ஆகவே பெட்டியில் குறித்திருக்கும் ஓட்ட அளவை மீற வேண்டாம். நீல ஒளி தெரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வலிமை குறைந்துவிடுவதால் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒருமுறை பல்பை மாற்றவும், எரியும் பல்பை நேரடியாகப் பார்க்காமல் இருக்கவும் வேண்டும்.

பார்லி வைக்கோலை வலைப்பையில் கட்டி, நீரோட்டமுள்ள இடத்தில் மிதக்கவிடும் முறையும் உண்டு. அது ஏற்கெனவே உள்ள பாசியைக் கொல்வதில்லை. அழுகும்போது வெளிவரும் பொருட்கள் புதுப்பாசி வளர்வதைத் தடுக்கின்றன என்பதே அதன் அடிப்படை. பலன் எல்லாக் குளத்திலும் ஒரேபோல் இருப்பதில்லை என்பதால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இந்த வேலைகள் நடக்கும் காலத்தில் விடியற்காலையில் குளத்தைப் பார்க்கும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதையே சுவாசிக்கிறது என்பதால், சூரியன் உதிப்பதற்குச் சற்றுமுன் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேற்பரப்பில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே ஏர் பம்பையோ சிறு நீரூற்றையோ இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். பச்சை திடீரென்று ஓரிரு நாளில் பழுப்பாகித் தெளிந்தாலும் இதே கவனம் தேவை, ஏனென்றால் பாசி மொத்தமாகச் செத்து அழுகும் நேரம் அது.

தண்ணீர் தெளிந்தபின் வெயில் அடிவரை எட்டுவதால், கல்லிலும் பைப்பிலும் நீளநீளமாக இழைப்பாசி முளைப்பதுண்டு. ஒரு சொரசொரப்பான குச்சியை அதில் நுழைத்து மெதுவாகச் சுழற்றினால் நூல் கண்டைப்போலச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். எடுத்ததைச் சில மணி நேரம் குளக்கரையிலேயே நிழலில் வைத்திருங்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் நத்தைகளும் தும்பியின் புழுக்களும் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும், மீதியை உரக்குழியில் சேர்த்துவிடலாம்.