திறந்தவெளிச் சிறைக்குப் போகும் தம்பிக்கு

சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பு திறந்தவெளிச் சிறைக்கு மாற்றல் கிடைத்தால் சந்தோஷமாகப் போ. அங்கே நாள் முழுக்க வயலும் ஆடும்தான். நானும் அங்கிருந்துதான் காரைக்குடிக்குத் திரும்பினேன்.

முடிந்தால் ஆட்டுப் பட்டி வேலையைக் கேட்டு வாங்கு. செட்டிநாட்டு வறண்ட பூமியில் வெளியே வந்த பிறகும் சோறு போடுகிற தொழில் அது. காலையில் பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் பெருவிரலால் மெல்ல இறக்கிப் பார். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெரும்பாலும் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. உடனே மருத்துவரிடம் சொல். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறுமுட்ட மேயவிடாதே, துள்ளுமாரி என்கிற குடல் நோய் வரும். அதற்கான தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே நினைவூட்டு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவை. மருத்துவர் வரும்போது கூச்சப்படாமல் கேள்.

சாயங்காலம் சீட்டாட்டக் கூட்டத்தில் உட்காராதே. அந்த நேரம் படிப்புக்கு. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணமில்லாமல் படிப்பு தருகிறது. நலஅலுவலரிடம் விண்ணப்பம் கேள்.

அப்புறம், கூலிப் பணத்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. கூடவே பிள்ளைகளுக்குக் கடிதம் எழுது. இன்று எந்த ஆடு குட்டி போட்டது என்று எழுதினாலே போதும், ஆசையாகப் படிப்பார்கள்.