கேரவனில் செட்டிநாடு: கிளம்புவதற்கு முன்னால்

மெல்போர்னில் கேரவன் (உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து பழகிய ஆறு பேர், அதே நினைப்பில் காரைக்குடிப் பக்கம் போய் இறங்கினோம். மெல்போர்ன் பக்கம் என்றால் தண்ணீர் பிடிக்க, கழிவைக் கொட்ட, கரண்ட் எடுக்க எல்லாவற்றுக்கும் இடம் கட்டி வைத்திருப்பார்கள். செட்டிநாட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஆகவே வண்டியில் எத்தனை படுக்கை, டிவி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம், ராத்திரி எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது கல்யாண மண்டபம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் சும்மா கிடக்கும். பெரிய வாசல், பத்துப் பன்னிரண்டு கழிப்பறை, போர் தண்ணீர், வாட்ச்மேன், எல்லாம் உண்டு. மேனேஜரிடம் நேரில் போய், "அண்ணே, ரெண்டு ராத்திரி வண்டியை உள்ளே நிறுத்திக்கிறோம், பாத்ரூமும் ஒரு பவர் பிளக்கும் போதும்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. மழையும் ஓய்ந்து வரும், வெயிலும் உறைக்காது என்பதால் டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரைக்கும்தான் என் ஓட்டு. சித்திரை வெயிலில் தகர வண்டிக்குள் படுப்பேன் என்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டியை டிரைவரோடு சேர்த்தே எடுங்கள். வாடகை வண்டிக்கு உரிய மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை பிளேட்டில் ஏறினால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். ஏசி எதில் ஓடுகிறது என்று துருவிக் கேளுங்கள். எங்கள் வண்டியில் "விடிய விடிய ஓடும் சார்" என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பேட்டரி இறங்கிவிட்டது, ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம், ஆறு பேரும் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்கள் அங்கத்திய கெட்டிலையும் ஹேர் டிரையரையும் தூக்கிவர வேண்டாம், இங்கே 230 வோல்ட். சமையலும் டீயோடு நிற்கட்டும். கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் கிடைக்கிற ஊரில் வந்து நூடுல்ஸ் கிண்டுவது பாவம். ஆளுக்கு ஒரு துணிப்பை போதும், சக்கர சூட்கேஸ் வைத்தால் கால் நீட்ட இடம் இருக்காது. டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் ஒரே ஆள் கையிலிருந்து போகட்டும், முதல் நாளே பொதுப் பணம் போட்டுவிடுங்கள். நட்பு நிலைக்கும்.

ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். கானாடுகாத்தானில் தெருக்கள் அகலமானவை, நூல் பிடித்த மாதிரி நேரானவை, அதை நம்பித்தான் நாங்களும் நுழைந்தோம். பாதித் தெருவில் குறுக்கே ஒரு வயர் தாழ்ந்து தொங்கியது. கேபிள் வயர்தான், கம்பை வைத்துத் தூக்கிவிடலாம் என்று எங்களில் ஒருவன் இறங்கினான். டிரைவர் அண்ணன், "எது கேபிள், எது கரண்ட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று ஒரு முறை கேட்டார், அவ்வளவுதான், தெரு முழுக்க ரிவர்ஸிலேயே வந்தார். வண்டியின் உயரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி முன் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், ரயில்வே சுரங்கப்பாதைகளிலும் அது உதவும். மெயின் ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள், இல்லை நடங்கள்.

ஊருணிக் கரையில் நிறுத்தினால் பாத்திரமோ துணியோ அதில் அலசாதீர்கள், சில ஊர்களில் குடிதண்ணீரே அதுதான். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டுப் பழைய பெரிய வீடுகள் பலவற்றுக்கும் பங்காளிகள் ஏராளம், சாவி காவல்காரரிடம் இருந்தாலும் அவராகத் திறக்க முடியாமல் இருக்கலாம், வற்புறுத்த வேண்டாம். ஆள் இருக்கும் வீடென்றால் வாசலில் நின்றே, "ஆச்சி, முகப்பு வரைக்கும் வந்து பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் மங்குப் பாத்திரம் (பீங்கான், எனாமல்), பழைய சாமான் வாங்கும்போது வயசைக் கேட்டு வாங்குங்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருஷச் சட்டத்தில் தடை இருக்கிறது, ஏர்போர்ட்டில் அழுது பயனில்லை.

திருச்சியில் இறங்குகிறவர்களுக்கு வழி சுலபம், விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். முதல் நாள் அதற்கு மேல் போகாதீர்கள், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவு தானாகத் திறக்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். நடுவில் திருமயத்தில் கோட்டையை ஒட்டி ரோட்டோரமாகவே கோட்டை பைரவர் கோயில் வரும். டிரைவர் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டுவார். நேரமாகிறது என்று முணுமுணுக்காமல் இறங்கி, சிதறுகாய்க்குத் தேங்காயை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.