"எனி அப்டேட்?" என்று அனுப்புவதற்கு முன்

போன வாரம், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வெளிநாட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஒற்றை வரி தட்டினார்: "எனி அப்டேட்?" நான் தடுப்பதற்குள் அனுப்பியும்விட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வரியை அனுப்பி நான் ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைகளை ஒருங்கிணைப்பது என் தொழில். நாளின் பாதி, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யாரையாவது ஆங்கிலத்தில் கேட்பதிலேயே போகிறது. எழுத்துப்பிழையையும் விட்டுப்போன "ப்ளீஸ்" என்ற சொல்லையும் எல்லோரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். யாராவது எடுத்துச் சொன்னாலொழியத் தெரியவராத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலை என்று சொல்லாமல் கேட்பது

"எனி அப்டேட்?" என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரரிடம் "என்ன ஆயிற்று?" என்றால் அவருக்குப் புரிவதற்குக் காரணம் அந்த இரண்டு சொற்கள் அல்ல. காலையில் பேசிய பேச்சும், மேசையில் விரித்துக் கிடக்கும் தாளும், நம் முகமும் சேர்ந்து கேள்வியின் மீதியைச் சொல்லிவிடுகின்றன. எங்கோ இருப்பவரின் செல்பேசித் திரைக்கு அந்த மீதி போய்ச் சேருவதில்லை.

நான் அந்த வாடிக்கையாளரை இழந்த அன்று ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் என்னுடைய 3 கோப்புகள் இருந்தன: மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத்தாள், ஓர் இயந்திரத்தின் கையேடு, ஓர் ஒப்பந்தம். எனக்கு அவசரம் விவரத்தாள்தான். காலை 10 மணிக்கு "எனி அப்டேட்?" என்று கேட்டேன். "ஆல்மோஸ்ட் டன், வில் சென்ட் டுடே" என்று பதில் வந்தது. விவரத்தாள்தான் முடியப்போகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது கையேட்டை. மாலைக்குள் வந்துவிடும் என்று வாடிக்கையாளருக்கு உறுதி கொடுத்தேன். அவர் மறுநாள் காலைக்கு அச்சகத்தில் இயந்திரத்தை ஒதுக்கிவைத்தார். மாலை 6 மணிக்கு மின்னஞ்சலைத் திறந்தால் கையேடு வந்திருந்தது. விவரத்தாளை மொழிபெயர்ப்பாளர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அச்சு இயந்திரம் சும்மா நின்றதற்கான செலவு எங்கள் தலையில் விழுந்தது. அந்த வாடிக்கையாளர் அதன் பிறகு எங்களுக்கு வேலை தரவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் மேல் எள்ளளவும் தவறில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார். கேள்விதான் அரைகுறை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த ஒற்றை வரியை யாராவது அனுப்பப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருவது இதனால்தான்.

எந்த வேலை, எப்போதுக்குள், எதற்காக. இம்மூன்றும் கேள்விக்குள் இருக்க வேண்டும். "குட் யூ கிவ் மீ எ குவிக் அப்டேட் ஆன் த லீஃப்லெட்? ஐ நீட் டு டெல் த கிளையன்ட் பை 3 பி.எம். யுவர் டைம்." இதில் "ஆன் த லீஃப்லெட்", அதாவது விவரத்தாளைப் பற்றி, என்ற துண்டு மட்டும் அன்று இருந்திருந்தால் போதும், இயந்திரம் நின்றிருக்காது. "யுவர் டைம்" என்பதையும் விடாதீர்கள். வேறு நாட்டில் இருப்பவருக்கு வெறும் "3 மணி" என்றால் யாருடைய 3 மணி என்று தெரியாது.

இதைவிடவும் நல்லது, ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி கேட்பது: "ஹேவ் யூ ஸ்டார்ட்டட் த லீஃப்லெட்?" யெஸ் அல்லது நோ. வேலை மும்முரத்தில் இருப்பவர் இதற்கு உடனே பதில் தட்டிவிடுவார். "எனி அப்டேட்?" என்றால் எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டிய செய்தியை எவரும் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒதுக்குகிறேன்.

"ப்ளீஸ் அப்டேட் மீ த ஸ்டேட்டஸ்"

இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது, "ஆன்" விடுபட்டிருக்கிறது. "அப்டேட் மீ ஆன் த ஸ்டேட்டஸ்" என்பதே சரி. "எனக்கு நிலவரத்தைச் சொல்லுங்கள்" என்று தமிழில் ஓடும் நினைப்பு அந்தச் சிறு சொல்லை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. தமிழில் "சொல்லுங்கள்" என்றாலே மரியாதை விகுதியிலேயே வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒரு விகுதி கிடையாது. முன்னால் "ப்ளீஸ்" போட்டாலும் ஏவல் ஏவலாகவே நிற்கும். நமக்கு மேலே இருப்பவருக்கோ அறிமுகமில்லாதவருக்கோ அது அதட்டலாகப் படலாம். மரியாதை வேண்டுமென்றால் வாக்கியத்தையே கேள்வியாக்க வேண்டும்: "குட் யூ அப்டேட் மீ ஆன்...", "வுட் யூ மைண்ட் லெட்டிங் மீ நோ..." நாம் பணிவாகத்தான் எழுதினோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான்.

"ரிவர்ட்"

இந்திய அலுவலகங்களில் "ப்ளீஸ் ரிவர்ட்" என்றால் பதில் எழுதுங்கள் என்று எல்லோருக்கும் புரியும். வெளியே அந்தச் சொல்லின் முதற்பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள்காரர்களிடம் செய்த மாற்றத்தை நீக்குவதற்கான கட்டளையே "ரிவர்ட்" என்பதுதான். வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவருக்கு "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த சேஞ்சஸ்" என்று எழுதினேன். "எல்லா மாற்றங்களையும் நீக்கிவிடட்டுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கேட்காமல் நீக்கியிருந்தால் 2 வார உழைப்பு பின்னோக்கிப் போயிருக்கும். "ரிப்ளை" என்ற எளிய சொல் இருக்கிறது, அதையே எழுதுங்கள்.

"குவிக்" எங்கே நிற்கிறது

"குவிக் அப்டேட்" என்றால் சுருக்கமான தகவல் போதும் என்று பொருள். "அப்டேட் மீ குவிக்லி" என்றால் சீக்கிரம் சொல் என்று விரட்டுவது.

"டில் ஃபிரைடே"

"வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்பதற்கு "பை ஃபிரைடே". "டில்" என்றால் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகிவிடும்.

"டூ த நீட்ஃபுல்"

"ஆவன செய்யுங்கள்" என்று பொருள். பிரிட்டிஷார் தம் பேச்சில் பெரும்பாலும் கைவிட்ட பழைய அலுவலக வழக்கு, நம்மிடம் தங்கிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுதுங்கள்.

"ஏ.எஸ்.ஏ.பி."

"கூடிய சீக்கிரம்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அதற்குப் பதில் தேதி போடுங்கள்.

"ஜென்டில் ரிமைண்டர்"

ஒரு முறை. இரண்டாவது முறை எழுதுவதைவிடத் தொலைபேசியில் கூப்பிடுவது மேல்.

அந்தப் பெண்ணுக்கு அன்று மாலை பதில் வந்தது: "யெஸ், கோயிங் வெல்." அவர் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் 2 கோப்புகளைக் கொடுத்திருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கோப்புகளையும் பெயர் சொல்லி, எதற்கு என்ன தேதி என்று கேட்கும் வரியை இருவருமாகச் சேர்ந்து எழுதினோம்.