காரைக்குடியிலிருந்து பிட்சா தேடிப் போக: இருவருக்கான பயணச் செய்முறை

கல்யாணமான இரண்டாவது வருடம் ஆரம்பித்த பழக்கம் இது. மாதத்தில் ஒரு வார இறுதி, பேர்பெற்ற ஒரு பிட்சா கடை, நானும் இவரும், எங்கள் பழைய கார். இதுவரை பதினோரு கடை ஆகிவிட்டது. "நாங்களும் கிளம்பணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று சொந்தத்தில் நாலைந்து ஜோடிகள் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபாஸ்டேக்கில் பணம் போடுவது, டயரில் காற்றுப் பார்ப்பது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நாங்கள் சறுக்கிய இடத்தைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: பட்டியல் எடுப்பது

உலக அளவில் '50 டாப் பிட்சா' என்று இத்தாலிக்காரர்களின் வழிகாட்டி ஒன்று வருடாவருடம் தரவரிசை போடுகிறது. ஆசிய பசிபிக் பகுதிக்குத் தனிப் பட்டியல் உண்டு. டெல்லி, குருகிராம் கடைகள் அதில் வந்திருக்கின்றன. நமக்கு அது ரயில் தூரம். காரில் போய் வரும் தூரத்துக்கு என்று பார்த்தால், ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் டான்டோ, கொடைக்கானலில் கிளவுட் ஸ்ட்ரீட் என்று நெடுநாளாக விறகடுப்புக்குப் பேர்போன கடைகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் ஓட்டத் தெம்பிருந்தால் பெங்களூரு. வியட்நாமின் ஹோசிமின் நகரில் ஒரு ஜப்பானியத் தம்பதி 2011இல் தொடங்கிய 'பிட்சா ஃபோர் பீஸ்' பெங்களூரிலும் கிளை போட்டிருக்கிறது.

மற்ற கடைகளுக்கு கூகுள் மேப்ஸ் நட்சத்திரம்தான் வழி. ஆனால் மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். இருநூறு பேர் போட்ட 4.7ஐவிட ஐயாயிரம் பேர் போட்ட 4.3ஐ நான் நம்புவேன். விமர்சனங்களைப் 'புதியவை முதலில்' என்று மாற்றிக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். மாஸ்டர் வேலையை விட்டுப் போயிருந்தால் அதில்தான் முதலில் தெரியும். டெலிவரி தாமதம் என்று திட்டியிருப்பவற்றைத் தள்ளிவிடுங்கள், நாம் நேரில் போய்ச் சாப்பிடப் போகிறோம்.

படி 2: அடுப்பு பற்றவைக்கும் நேரத்தைக் கேட்பது

எங்கள் முதல் பயணம் ஒரு மலைக்கு. விடிகாலை கிளம்பி, வழியில் நின்று நின்று, மதியம் மூன்றே முக்காலுக்குக் கடையில் நுழைந்தோம். கடை திறந்திருந்தது. மேப்ஸிலும் 'திறந்துள்ளது' என்றே காட்டியது. ஆர்டர் கொடுத்தோம். வந்த பிட்சா வெளிறிப்போய், அடியில் ஒரு கரும்புள்ளி இல்லாமல், கையில் எடுத்ததும் நுனி தொங்கியது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, மத்தியானத்தோட விறகடுப்பை அணைச்சாச்சு. இது கரண்டு அடுப்புல போட்டது. இனி சாயங்காலம் ஏழு மணிக்குத்தான்" என்றார். வெகுதூரம் வந்த களைப்பில் இவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுப்புச் சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பாணி பிட்சாவுக்கு சுமார் 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடிதான். 1984இல் நேப்பிள்ஸில் தொடங்கிய உண்மை நேப்பிள்ஸ் பிட்சா சங்கத்தின் விதி அது. அந்தச் சூட்டில் மாவின் ஈரம் சட்டென்று ஆவியாகி ஓரத்தைத் தூக்கிவிடும், வெளியே முறுகல், உள்ளே பஞ்சு. சூடு குறைந்தால் வேக நேரம் பிடிக்கும், அதற்குள் மாவு காய்ந்து ரொட்டியாகிவிடும். நம் வீட்டு வெள்ளைப் பணியாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்வதற்குள் மாவை ஊற்றினால் உப்பி வருமா? ஓரம் பூத்து வருமா? எண்ணெயைக் குடித்துவிட்டுச் சப்பென்று கிடக்கும். இதுவும் அதே கணக்குதான்.

செங்கல் அடுப்பு அந்தச் சூட்டுக்கு ஏற இரண்டு மணி நேரமாவது விறகு எரிய வேண்டும். அதனால் கடைக்குப் போன் போட்டு "திறந்திருக்கா?" என்று கேட்காதீர்கள். "விறகடுப்பு எத்தனை மணிக்குப் பத்த வைக்கிறீங்க, எத்தனை மணிக்கு அணைக்கிறீங்க?" என்று கேளுங்கள். நாலரைக்குப் பற்றவைத்தால் ஏழு மணிக்கு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பயணத்தை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: கடைக்கு ஏழு, ஊர் எல்லைக்கு ஆறு, நடுவில் காப்பிக்கு முக்கால் மணி, இத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுவது என்று.

கடைக்குள் போனதும் இன்னொன்று. அடுப்பு கண்ணில் படுகிற மேசையாகக் கேளுங்கள். உள்ளே குவிந்த கூரை கரி படிந்து கறுப்பாக இருந்தால் இன்னும் சூடு ஏறவில்லை. சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய் கல் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த பிறகு ஆர்டர் கொடுங்கள். அதுவரை ஒரு சாலட் வாங்கி வைத்துக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குயிலாப்பாளையம் பக்கம் அடுப்பு வேலை பார்க்கும் ஒரு பெரியவர். அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

படி 3: வழி

கொடைக்கானலுக்கு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. சுமார் 200 கிலோமீட்டர், மலைப்பாதையோடு ஐந்து மணி நேரம் வையுங்கள். ஆரோவிலுக்கு திருமயம், புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். அங்கே ராத்திரி தங்கிவிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் நாற்கரச் சாலையில் ஓட்டுவது வேண்டவே வேண்டாம், இதில் நான் கண்டிப்பு. மலைப்பாதைக்கு மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: என்ன கேட்பது

எந்தக் கடையிலும் முதல் பிட்சா மார்கரீட்டாதான். தக்காளி, மொசரெல்லா, துளசி வகை இலை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. மறைக்க எதுவும் இல்லாததால் மாவும் அடுப்பும் பளிச்சென்று தெரியும். இரண்டாவதாக அந்தக் கடையின் சிறப்பு எதுவோ அது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். ஒன்றைச் சாப்பிடுவதற்குள் மற்றது விறைத்துவிடும். வந்த உடனே முட்கரண்டியால் ஓரத்தைத் தூக்கி அடியைப் பாருங்கள். அங்கங்கே கரும்புள்ளி, நடுவில் பொன்னிறம், அதுதான் வேண்டும்.

மதிப்பெண் போட எத்தனையோ செயலிகளைப் பார்த்துவிட்டோம். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுதான் சிறந்தது. ஆளுக்கு ஒரு பக்கம், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது, காரில் ஏறிய பிறகுதான் மாற்றிப் படிப்பது. இவர் மாவுக்கும் நான் தக்காளிக்கும் மதிப்பெண் அள்ளிப் போடுகிறோம் என்பது ஆறாவது கடையில்தான் எங்களுக்கே புரிந்தது. திரும்பி வருகிற வழியில் எங்கள் பேச்சே அதுதான்.

படி 5: வீட்டுக்குக் கொண்டுவருவது

வீட்டில் அப்பத்தா இருக்கிறார்கள், வெறுங்கையோடு வர மனசு வராது. சுடச்சுட அட்டைப்பெட்டியில் மூடினால் ஆவியில் அடி நைந்துவிடும். கடையிலேயே பத்து நிமிடம் ஆறவிட்டு, பருத்தித் துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐஸ் பெட்டிக்குள் அந்த டப்பாவை வைத்துவிடுவோம். துண்டு போட வீட்டுக் கத்தரிக்கோல் போதும், பிட்சா சக்கரம் வாங்க வேண்டியதில்லை.

மறுபடி சூடு பண்ண மைக்ரோவேவ் கூடாது, ரப்பராகிவிடும். இரும்பு தோசைக்கல்தான். நான்ஸ்டிக்கில் அந்த முறுகல் வருவதில்லை. கல்லை நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, எண்ணெய் இல்லாமல் துண்டை வையுங்கள். இரண்டு நிமிடத்தில் அடி மொறுமொறுப்பாகும். அப்போது கல்லின் ஓரத்தில், பிட்சாமேல் படாமல், நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி போட்டு ஒரு நிமிடம் விடுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகிவிடும். அப்பத்தா ஓரத்தைப் பிய்த்து, "பணியாரத்து ஓரம் மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முதலில் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

பின்சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்ட பிறகு சேர்க்கிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் முதலில் போனபோது அது இல்லை, அதனால் எழுத விட்டுப்போனது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை 2: சைவக் குடும்பத்துப் பெண் ஒருவர் கேட்டது இது, எனக்கும் முன்பு தெரியாது. அசல் பார்மேசன் சீஸ், அதாவது இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் (ரெனெட் என்பார்கள்) உறையவைப்பது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. சைவம் சாப்பிடுகிறவர்கள் "பார்மேசன் எந்த ரெனெட், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கா?" என்று ஆர்டருக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். சந்தேகமாகப் பதில் வந்தால் மேலே தூவ வேண்டாம் என்று சொன்னால் போதும்.

பின்சேர்க்கை 3: தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நத்தம் வழியைத் தவிர்த்துவிடுங்கள். குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் விடியுமுன்பே அந்தச் சாலையில்தான் போவார்கள். அந்த மாதம் நாங்கள் திருச்சி பக்கம் திரும்பிவிடுகிறோம்.